அவர் எப்போது போனார்?

மாணிக்கவாசகரிடம் தில்லைவாழ் அந்தணர்கள் வந்து, "நீங்கள் பாடியதற்கெல்லாம் பொருள் என்ன?" என்று கேட்கிறார்கள். அவர் பதில் சொல்லாமல் அவர்களை நடராசர் சன்னதியான சிற்சபைக்குக் கூட்டிப் போகிறார். கூத்தனைக் கைகாட்டி, "பொருள் இவரே" என்கிறார். அப்படியே உள்ளே கலந்து மறைந்துவிடுகிறார்.

சொற்பொழிவு செய்கிறவருக்கு இது ஒரு வரி. கண்ணை மூடி, குரலை இறக்கி, "மறைந்தார்" என்று நிறுத்தினால் போதும், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நாடகம் போடுகிறவர்களுக்கு அந்த வரியில் ஓர் ஆள் நிற்கிறார். வயது 63. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மாடிப்படி ஏறினால் நோகும் வலது முழங்கால். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரை இல்லாமல் செய்ய வேண்டும்.

நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வாரநாட்களில் வேறு பிழைப்பு. சனி ஞாயிறுகளில் எங்கள் தமிழ் நாடகக் குழுவுக்கு விளக்கு போடுகிறேன். குழுவில் பாதிப் பேர் மூன்றாம் தலைமுறை பெங்களூருத் தமிழர்கள். வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். இரண்டு பேர் வசனத்தைக் கன்னட எழுத்தில் எழுதிவைத்துத்தான் மனப்பாடம் செய்வார்கள். மேடையில் கேட்டால் தெரியாது, அவ்வளவு சுத்தமாக இருக்கும் உச்சரிப்பு. ஆனி மகம் மாணிக்கவாசகர் குருபூசை. அதை ஒட்டி வந்த சனிக்கிழமைக்கு ஹால் பதிவு செய்திருந்தோம். கைவசம் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

மாணிக்கவாசகராக நடித்தவரைக் குழுவில் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் ஞாயிறே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, கடைசி சீன்ல நான் ஓடக் கூடாது. மத்தது எது வேணா செய்யி. சாமிகிட்டப் போறவன் ஓட மாட்டான்."

நாங்கள் முதலில் செய்து பார்த்தது அந்த ஓட்டத்தைத்தான். விளக்கை அணை, இருட்டில் மேடைப் பக்கத்து மறைவான விங்ஸுக்குள் போ, விளக்கைப் போடு, ஆள் இல்லை. எல்லாக் குழுவும் செய்வது. ஒத்திகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இருட்டுக்குள் ஒரு வெள்ளை வேட்டி மட்டும் இடமிருந்து வலமாக மிதந்து போயிற்று.

கண்ணை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. விளக்கு அணைந்த நொடியில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, அது உண்மை. இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஆனால் வெள்ளை வேட்டியைப் பார்க்க முழுப் பழக்கம் தேவையில்லை. வெளியேறும் கதவுக்கு மேலே எரியும் பச்சைப் பலகை, விங்ஸில் யாரோ பார்க்கும் செல்போன், பக்கக் கதவின் அடியில் கசியும் வெளிச்சம் எல்லாம் வேட்டியில் வந்து ஒட்டும். போதாததற்குப் பழைய ஹாலோஜன் விளக்குகள் சுவிட்சை அணைத்ததும் அணைந்துவிடுவதில்லை. இழை சிவந்து, கறுத்து, அடங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அப்புறம் காலடி. மேடை மரப்பலகை, வெறுங்காலானாலும் 63 வயது உடம்பின் எடை கேட்கும்.

இத்தனையையும் சரிசெய்துவிடலாம். கதவடியில் துணி செருகலாம், செல்போனைப் பிடுங்கி வைக்கலாம், காலடிக்கு மேல் மேளம் அடிக்கலாம். செய்தும் பார்த்தோம். அப்போதும் ஒன்று உறுத்தியது. விளக்கு அணைந்ததுமே பார்க்கிறவர்கள் "இப்போது போகிறார்" என்று தெரிந்துகொள்கிறார்கள். ஆளைப் பார்க்காவிட்டாலும் நேரத்தைப் பார்த்துவிடுகிறார்கள். நேரம் தெரிந்துவிட்டால் அது போவது. எப்போது போனார் என்றே தெரியாதபோதுதான் அது மறைவது. இந்த வித்தியாசம் பிடிபட எனக்கு இரண்டு ஞாயிறு போயிற்று. அதன்பிறகு ஆளை ஒளிப்பதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, அந்தக் கணத்தை எங்கே ஒளிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

மாமா சின்ன வயதில் சென்னையில் ஆர்.எஸ்.மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் நாடகங்களை ஓடி ஓடிப் பார்த்தவர். 1954-ல் தொடங்கிய அந்தக் குழு தந்திரக் காட்சிகளுக்கென்றே பேர் வாங்கியது. அதற்கும் முந்தைய தலைமுறையில் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் கம்பெனிக்கு அந்தப் பேர். "ட்ரிக் சீன்னா ஜனங்க சோத்து மூட்டை கட்டிட்டு வருவாங்க" என்பார் மாமா. எங்கள் டைரக்டருக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. பக்தியான காட்சியில் வித்தை எதற்கு என்பது அவர் கட்சி. நான் மாமா பக்கம். மேடையில் ஓர் அதிசயத்தைக் காட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, கசியும் ஒளியில் வேட்டி மிதப்பதைக் காட்டுவதுதான் அந்தக் கதைக்குச் செய்யும் மரியாதைக் குறைவு.

பொறிக்கதவை யோசித்தோம். 1820-ல் லண்டனில் ஒரு ரத்தக்காட்டேரி நாடகத்துக்காகச் செய்த பொறி இன்றும் அந்த நாடகத்தின் பேரிலேயே வழங்குகிறது. வில்லில் இயங்கும் இரண்டு மடல்கள். நடிகர் அதில் பாய்ந்தால் மடல்கள் விலகி, உடனே மூடிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு ஆள் கெட்டியான தரைக்குள் புகுந்தது போல இருக்கும். எங்களுக்கு வாடகை ஹால், தரையில் ஆணிகூட அடிக்கக் கூடாது. நாலடிக்கு மேடைமேல் மேடை கட்டி அதில் பொறி வைக்கலாம் என்றார் தச்சு வேலை பார்க்கும் அண்ணன். நாலடிக்கு இறங்க மாமாவின் முழங்கால் என்ன பாடுபடும் என்பது ஒருபுறம். பொறியின் வாயை மறைக்க உலர்பனிப் புகை விடலாம் என்று யாரோ சொன்னதும் நான் அந்த யோசனையையே நிறுத்தச் சொன்னேன். உலர்பனி என்பது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே. அதிலிருந்து வரும் புகை தரையோடு தவழ்வது பார்க்க அழகு. தவழ்வதற்குக் காரணம் அந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். பள்ளத்துக்குள் குனிந்து உட்கார்ந்திருப்பவர் யார்? மாமா. மூடிய குழியில் அதைச் சுவாசித்தால் மயக்கம் வரும், உயிரே போகலாம்.

அடுத்தது கண்ணாடி. இதைப் பற்றி நான் நிறையச் சொல்வேன், ஏனென்றால் எனக்கு இதன்மேல் தீராத ஆசை. 1862 டிசம்பர் 24, லண்டன் ராயல் பாலிடெக்னிக். ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் ஒரு பேயைக் காட்டினார். அதன் வழியாகப் பின்னால் இருப்பது தெரிந்தது. நினைத்தபோது வந்தது, நினைத்தபோது கரைந்தது. மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது, அது இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. மேடைக்கு முன்னால், கீழே, பார்வைக்கு எட்டாத பள்ளத்தில் பேய் வேடக்காரர் நின்றார். அவர்மேல் பலமான வெளிச்சம் விழும்போது அவர் பிம்பம் கண்ணாடியில் தெரியும், மேடைமேல் நிற்பது போல. வெளிச்சத்தைக் குறைத்தால் பேய் கரைந்துவிடும். யோசனையின் மூலம் ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது. அவர் சொன்னபடி செய்ய அரங்கத்தையே இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. கண்ணாடியின் கோணத்தை மாற்றி, இருக்கிற அரங்கத்திலேயே செய்யலாம் என்று காட்டியவர் பெப்பர். உலகம் அவர் பேரைத்தான் வைத்துக்கொண்டது. டிர்க்ஸை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டப்படும்.

சாதாரணக் கண்ணாடி 45 டிகிரியில் சுமார் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்பும். அதனால்தான் பேய்க்கு அவ்வளவு வெளிச்சம் வேண்டியிருந்தது. மின்விளக்கு வராத அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜன் ஹைட்ரஜன் சுடரில் காய்ச்சி எரியவிட்டார்கள். 2012-ல் குஜராத் தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றியதை ஹாலோகிராம் என்று எல்லாரும் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய ஃபிலிம், ஆளுக்குப் பதிலாக வீடியோ. அடிப்படை அதே பெப்பர் பேய்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமா முழு உயரத்துக்குத் தெரிய வேண்டுமானால் குறைந்தது மூன்று மீட்டருக்கு இரண்டரை மீட்டர் கண்ணாடி. 12 மில்லிமீட்டர் தடிமன் என்றால் எடை 225 கிலோ. அதை நடிகர்கள் தலைக்கு மேலே சாய்த்து நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. எடையைவிடப் பெரிய தடை இன்னொன்று. இரண்டு மணி நேரம் நம்மோடு இருந்தவர், அந்தணர் தோளைத் தொட்டுப் பேசியவர், கடைசியில் மட்டும் பிம்பமாக முடியாது. பெப்பர் பேய் வருவதற்கு ஏற்ற வித்தை. எங்களுக்குப் போவதற்கு ஒன்று வேண்டியிருந்தது.

அது என் வீட்டு ஜன்னலிலேயே இருந்தது. கொசுவலை அடித்த ஜன்னல். பகலில் தெருவிலிருந்து பார்த்தால் வலை மட்டும் சாம்பலாகத் தெரியும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ராத்திரி உள்ளே விளக்கு எரிந்தால் வலை காணாமல் போய்விடும், அடுப்படி வரைக்கும் தெரியும். வெளிச்சம் நூலில் விழுந்தால் நூலைப் பார்க்கிறோம். பின்னால் இருப்பதில் விழுந்தால் ஓட்டை வழியாக அதைப் பார்க்கிறோம். மேடைக்கென்றே நெய்த வலைத்துணி வெளிநாட்டு அரங்கங்களில் உண்டு. நமக்குச் சிக்பேட்டைத் துணிக்கடை போதும்.

"ஏனு பேக்கு?" (என்ன வேணும்?) என்று கேட்ட கடைக்காரர், நான் வலையை விரித்துப் பிடித்து இரண்டு பக்கமும் செல்போன் டார்ச் அடித்துப் பார்ப்பதைக் கண்டு, கல்லாவை விட்டே எழுந்து வந்துவிட்டார். நைலான் வலை வேண்டாம், பளபளக்கும். பருத்தி வலை எடுத்தோம். வெள்ளையாகவே விட்டால் வெளிச்சம் பட்டதும் பனிமூட்டம் போல மேடையையே மூடிவிடும். கறுப்புச் சாயத்தை நன்றாக நீர்க்கக் கரைத்து, அண்டாவில் கொதிக்கவைத்து முக்கி எடுத்தோம். திருநீற்று நிறத்தில் வந்தது.

மேடையில் அமைத்த சிற்சபைக்கு முன்னால் வலையை மாட்டியதும் இரண்டு குறை தெரிந்தது. ஒன்று, வலைமேல் நேர் முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் அது ஓட்டை வழியாகப் போய்ப் பின்னால் நிற்கும் மாமாமேலும் விழுகிறது. விளக்கை விங்ஸுக்குள் கொண்டுபோய், வலையை ஒட்டி உரசிக்கொண்டு போகும்படி பக்கவாட்டில் வைத்ததும் அது தீர்ந்தது. இரண்டாவது, துணியின் அகலம் போதாமல் நடுவில் தைத்த மூட்டு. உள்ளே விளக்கு எரியும்போது மாமாவின் முகத்துக்குக் குறுக்கே கயிறு கட்டியது போல ஒரு கோடு.

அந்தக் கோட்டை மறைக்க வழி தேடும்போதுதான் எங்களுக்குச் சிதம்பரமே கைகொடுத்தது. சிதம்பர ரகசியத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடராசருக்குப் பக்கத்தில் ஒரு திரை. அதை விலக்கிக் காட்டுவார்கள். உள்ளே உருவம் எதுவும் கிடையாது. வெறும் வெளி, பொன் வில்வ மாலைகள் தொங்கும். ஆகாயத்தலம் அது. விலக்கினால் ஒன்றும் இல்லாத ஒரு திரைதான் அந்தக் கோயிலின் ரகசியம் என்று அத்தனை வருடமாகத் தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. மாமாதான் சொன்னார். "மூட்டு மேல வில்வ மாலை தொங்கவிடும்மா. அங்க இருக்கறதுதானே."

ஜரிகைத் தாளில் வில்வம் வெட்டினோம். குழுவில் உள்ள பெண்கள் இரண்டு இரவு உட்கார்ந்து மூன்று மூன்று இலையாகக் கோத்தார்கள். மூட்டும் மறைந்தது, நாங்கள் கேட்காத ஒன்றும் கிடைத்தது. பக்க வெளிச்சம் ஏறும்போது முதலில் மினுங்குவது அந்த இலைகள்தான். கண் தானாக அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பின்னால் ஒரு முகம் மங்குவது தெரிவதில்லை.

வலையையே திரையாக்கி விலக்கிக் காட்ட வேண்டும் என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது. விலக்கினால் உள்ளே வெறுமை இருக்க வேண்டுமே. அதற்குக் கறுப்பு வெல்வெட். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி ஒத்திகைச் சாமான்களுக்கு நடுவே ஒரு கறுப்பு வெல்வெட் துண்டைத் தேடிக் கிடைக்காமல் திண்டாடினாராம். அது கண்ணெதிரேயே, இன்னொரு கறுப்பு வெல்வெட்டுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அது படிந்திருந்த நாற்காலியின் முதுகும் காணாமல் போய், நாற்காலி முக்காலியாகத் தெரிந்ததாம். 1907-ல் மாஸ்கோ கலை அரங்கின் மேடையில் அதையே உத்தியாகப் பயன்படுத்தினார். கறுப்புக்கு முன்னால் கறுப்பு இல்லை, அவ்வளவுதான். சிற்சபையின் பின்சுவர் முழுக்க வெல்வெட், நடுவில் ஒரு பிளவு. கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை போட்ட ஒரு தம்பி பிளவுக்குள் நின்று, சரியான நொடியில் மாமாவின் தலையோடு ஒரு வெல்வெட் போர்வையைப் போர்த்தி உள்ளே இழுத்துக்கொள்வான். மாமா எடுத்துவைக்க வேண்டியது மூன்று அடி. ஓட வேண்டாம்.

உள்விளக்கு எது என்பதில் ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. ஹாலில் இருந்தவை எல்.இ.டி. முழுசாக அணைக்க அருமையான விளக்கு, சட்டென்று இருள் கொடுக்கும். மெல்லக் குறைக்க விலை குறைந்த எல்.இ.டி. ஆகாது, கடைசிப் பத்து சதவீதத்தில் படி இறங்குவது போலக் குதிக்கும். அந்த ஒரு குதியில் பார்க்கிறவர்களுக்கு நேரம் தெரிந்துவிடும். ஒரே ஒரு ஹாலோஜன் வாடகைக்கு எடுத்தோம். இழைவிளக்கு குறையக் குறைய மஞ்சளாகி, சிவந்து, செந்நிறமாகவே அடங்கும். மங்கிய ஒளியில் நம் கண் முதலில் கைவிடுவது சிவப்பை. நீலம் கடைசிவரை தெரியும். அந்திக்குப் பிறகு செம்பருத்தி கறுத்துப்போவதும், சங்குப்பூ இன்னும் கொஞ்ச நேரம் நிற்பதும் அதனால்தான். மேடையில் ராத்திரி என்றால் நீல வெளிச்சம் போடும் வழக்கம் நமக்குண்டு. மறையும் காட்சிக்கு அது நேர் எதிரி.

ஆயிரம் வாட் விளக்கும் பருத்தி வலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 1903 டிசம்பரில் சிகாகோவின் இரோக்வா அரங்கில் ஒரு விளக்கிலிருந்து திரைச்சீலையில் பற்றிய தீயில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நாங்கள் இடைவெளியை அளந்து தரையில் கோடு போட்டோம். தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் பக்கத்தில் ஓர் ஆளும் மூன்று மணி நேரமும் அங்கேயே இருந்தார்கள்.

மொத்தம் பன்னிரண்டு நொடி. முதல் நொடியில் உள்விளக்கு இறங்க ஆரம்பிக்கும். நாலாம் நொடியில் பக்க விளக்கு ஏற ஆரம்பிக்கும். ஒன்பதில் போர்வை. எழுதிவைத்தால் இவ்வளவுதான். ஆனாலும் ஆறாவது ஞாயிறு வரைக்கும் அது பலிக்கவில்லை.

காரணம் விளக்கில் இல்லை, அந்தணர் வேடம் போட்ட மூன்று பேரின் கண்ணில் இருந்தது. மாமா மங்கத் தொடங்கியதும் அவர்கள் திகைப்பார்கள். வாயைப் பிளப்பார்கள். "மறைந்துவிட்டாரே!" என்று ஒரு வசனம் வேறு. மேடையில் ஒருவர் எதைப் பார்த்துத் திகைக்கிறாரோ, முந்நூறு பேரும் அதையே உற்றுப் பார்ப்பார்கள். அந்த வசனத்தை எடுக்க டைரக்டரிடம் நான் கெஞ்சினேன். மறுபடி மறுபடி பேசி ஒருவழியாகச் சம்மதித்தார். அதற்குப் பதிலாக அவரே சொன்னதுதான் காட்சியைத் தூக்கி நிறுத்தியது. மாமா கைகாட்டி "பொருள் இவரே" என்றதும் மூன்று பேரும் தரையில் விழுந்து வணங்கட்டும். வணங்குகிறவர் எதையும் பார்ப்பதில்லை. நெடுஞ்சாண்கிடையாக உடம்புகள் இறங்கும்போது பார்ப்பவர்களின் கண்ணும் கூடவே இறங்கும். மணி அடிக்கட்டும்.

மாமா ஒன்று சேர்த்தார். அவர் பாட்டை நிறுத்த மாட்டேன் என்றார். உள்ளே போகும்போதும், போர்வைக்குள்ளும், வெல்வெட்டுக்குப் பின்னால் போன பிறகும் தணிந்த குரலில் பாடிக்கொண்டே இருப்பார். காது அவர் அங்கேதான் இருக்கிறார் என்று சொல்லும்போது கண் சந்தேகப்படாது. அந்தணர்கள் எழுந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், திரையைப் பார்த்து நிற்பார்கள். அப்போது பாட்டு நிற்கும். நாலு நொடி ஒன்றுமில்லை. மூத்தவர் போய்த் திரையை விலக்குவார்.

சனிக்கிழமை நல்ல மழை. ஹால் முக்கால்வாசி நிரம்பியது. நான் மேலே விளக்குப் பலகையில் இருந்தேன், விரல் இரண்டும் டிம்மரில். பன்னிரண்டு நொடியும் நான் மேடையைப் பார்க்கவில்லை, முன்வரிசைத் தலைகளைப் பார்த்தேன். யாருடைய தலையும் அசையவில்லை. யாரும் யாரிடமும் திரும்பவில்லை. பாட்டு நின்றபோதும் அசைவில்லை. மூத்தவர் திரையை ஒதுக்கியபோது பொன்னிலைகள் ஒன்றோடொன்று உரசிய சத்தம் மேலே எனக்கே கேட்டது. அப்புறம்தான் நாலாம் வரிசையில் ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தார்.

நாடகம் முடிந்து எல்லாரும் மேடைக்கு வந்து கைகூப்பும் வழக்கம். மாமா கைதட்டலுக்காகவே வாழ்கிறவர், அதை ஒளிக்கவும் மாட்டார். முந்தின நாளே என்னிடம் சொல்லிவிட்டார், "நான் வரலைம்மா. வந்தா அந்த ஆள் விங்ஸ்ல நின்னுட்டிருந்தான்னு ஆயிடும்." பதினொரு பேர் வந்து கைகூப்பினார்கள். நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றார்கள். மாமா வெல்வெட்டுக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில், போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, தும்மல்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் கலைய வெகுநேரம் ஆயிற்று. வெளியே மழை விடவில்லை. நான் கீழே இறங்கி மேடைக்குப் பின்னால் போனேன். பிளவுக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

"எல்லாரும் போயாச்சா?"

வலை வழியாக எட்டிப் பார்த்தேன். நாலைந்து பேர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, விலகிக் கிடந்த திரையைப் பார்த்தபடி இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னும் இல்ல மாமா."

"சரிம்மா. நீ போ. நான் இருக்கேன்."